உயிரிகளின் அடிப்படைப் பண்புகள்

செல்லமைப்பு, வளர்சிதைமாற்றம், வளர்ச்சி, தூண்டலுக்குத் துலங்கல், இனப்பெருக்கம் முதலியன உயிரிகளின் பொதுப் பண்புகள். நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இவற்றுள் சிலவற்றை ஒரே இரவில் பார்த்துவிடலாம். குளிர் தணிந்து முதல் மழை பெய்ததும் காட்டுத் தவளைகளும் மஞ்சள் புள்ளிச் சாலமாண்டர்களும் முட்டையிடக் குட்டைகளை நோக்கி ஊர்கின்றன. அவை வண்டிகளில் நசுங்காதிருக்க பீக்மன் சாலையை இரவில் மூடிவிடுகிறார்கள்.

பாடநூல் பட்டியலைத் திணறடிப்பது இந்தத் தவளைதான். பனிக்காலத்தில் சருகுக்கடியில் அதன் உடல்நீரில் பாதிக்குமேல் உறைந்துவிடும். மூச்சில்லை, இதயத்துடிப்பும் இல்லை. ஆனால் கல்லீரல் வெளியிடும் குளுக்கோஸ், செல்களின் உட்பகுதி உறையாமல் காக்கிறது. ஆய்வகத்தில் தவளைகளை மெல்ல உறையவைத்து, இரத்தச் சர்க்கரையை அளந்தே உயிரியலாளர்கள் இதைக் கண்டறிந்தனர். பனி உருகும்போது முதலில் இதயம் துடிக்கிறது. சுவாசமும் கால் அசைவும் பிறகுதான்.