துண்டும் தொற்றும்: மலையகக் கடன் வசூல் குறித்து ஒரு மறுவாசிப்பு

ஹியூ டிங்கர் 1974-இல் வெளியிட்ட ‘எ நியூ சிஸ்டம் ஆஃப் ஸ்லேவரி’ என்ற நூல், கடல் கடந்த இந்தியத் தொழிலாளரின் வரலாற்றை 1830-இல் தொடங்கி 1920-இல் முடிக்கிறது. பிஜியில் ஒப்பந்தங்கள் 1920 ஜனவரியில் நீக்கப்பட்டன. அங்கே அந்த எல்லை சரி. இலங்கை மலையகத்துக்கு அது பொருந்தவில்லை. ஆட்களைத் திரட்டி வந்து மேற்பார்க்கும் கங்காணி வழியே நடந்த முறையை டிங்கர் பேசாமல் விட்டவர் அல்லர். ஆனால் ஒப்பந்தக் கூலியை நடுவில் வைத்து வரைந்த சட்டகத்துக்குள் அதையும் அடக்குகிறார். அட்டனிலும் நுவரெலியாவிலும் ஆளைப் பிடித்து வைத்தது கடன். பிஜி ஒப்பந்தம் ஐந்தாண்டில் முடியும். கடனுக்கு அப்படி ஒரு தவணைமுடிவு கிடையாது. வசூலிக்கும் வழியைப் பாராமல் விடுதலைக்கு ஆண்டு குறிப்பது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை.

அந்த வழியின் கருவி துண்டு. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். கட்டியது மீண்டும் தொழிலாளர் தலையில் கடனாக ஏறும். தொகை எப்படிச் சேர்ந்தது, வழிச்செலவா, முன்பணமா, அரிசியா, நோயில் படுத்த நாட்களா என்று துண்டு சொல்லவேண்டிய தேவையே இல்லை. 1918-19 இன்ஃப்ளூயன்சா வந்தபோது இந்த முறை நடப்பில் இருந்தது. பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, வராதவருக்குப் பேர், அதாவது அன்றைய கூலிக்கான பதிவு, இல்லை. அவருக்காகக் கங்காணிக்குக் கிடைக்கும் பென்ஸ் காசும் இல்லை. வாங்கிய அரிசி மட்டும் கணக்கில் நிற்கும். ஆகவே காய்ச்சல் கடனைப் பெருக்கியிருக்கும், படுத்தவரை எழுப்பி மலைக்கு அனுப்பும் ஆசையைக் கங்காணிக்கும் கொடுத்திருக்கும். இது என் ஊகம். துண்டைக் கொண்டு இதை மெய்ப்பிக்க இயலாது. ஆனால் அதில் நோய் பதிவாகாததைக் காட்டி நோய்க்கும் கடனுக்கும் தொடர்பில்லை என்று வாதிடுவதை ஏற்கவே முடியாது. காரணம் எழுதாத சீட்டு எந்தக் காரணத்துக்கும் எதிர்ச்சாட்சி ஆகாது.

1921-இன் 43-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டை ஒழித்தது. கடன்பட்டவருக்குத் தவணை நீட்டிக் கொடுக்காமல், வசூலிப்பவரின் கையிலிருந்த பிடியையே அது எடுத்தது. அதன் சிறப்பு அங்கேதான். கங்காணியின் ஆதிக்கம் அதன்பிறகும் நீடித்ததே என்று கேட்கலாம். உண்மை. 1923-இன் குடிவரவுத் தொழிலாளர் சட்டமும் 1927-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தேவைப்பட்டது அதனால்தான். எனவே 1920-க்குப் பதிலாக 1921-ஐ முடிவாண்டாக நிறுத்தவும் நான் முன்வரவில்லை.

தவணையை நீட்டுவதற்கும் வசூலிப்பவரின் பிடியை எடுப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொரோனாத் தொற்று வந்த 2020-ஐப் பார்க்கலாம். மார்ச் ஊரடங்கிலும் தோட்டங்களில் கொழுந்து பறிப்பு நடந்தது. மத்திய வங்கி அறிவித்த கடன் சலுகை, அடிப்படையில் தவணையை ஒத்திவைத்தது. நுண்கடனோ பெண்களைக் குழுவாகச் சேர்த்து ஒருவருக்கு மற்றவரைப் பிணை வைப்பது. தொழிலாளர் குடியிருக்கும் காம்பராக்களின் (அறைகளின்) வரிசையான லயத்திலேயே வசூல் நடப்பது. 2016-இன் 6-ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்புப் பணம் ஏற்கும் நிறுவனங்களுக்கே உரிமம் கட்டாயமாக்கியது. கடன் மட்டும் கொடுப்பவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 2023-இல்தான், தொற்று அடங்கிய பிறகே வந்தன. இன்றைய வசூலிப்பாளர் பழைய கங்காணி அல்லர், தொழிலாளி விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் ஒருத்தி போனால் அவள் தவணை பக்கத்துக் காம்பராக்காரியின் தலையில் விழும்போது, போகும் உரிமைக்கு என்ன பொருள்? அடுத்த தொற்றுக்கால ஆணை தவணையைத் தள்ளிவைப்பதோடு நிற்கக் கூடாது. லயத்துக்கு வசூலுக்கு வருவதையும், குழுவினரிடம் பிறர் பாக்கியைக் கேட்பதையும் அது தடைசெய்ய வேண்டும். உரிமம் பெற்றவர், பெறாதவர் என்ற பேதமின்றித் தடைசெய்ய வேண்டும்.