தனிநாயகம் அடிகளின் வடக்கன்குளம் ஆண்டுகள்

சேவியர் தனிநாயகம் அடிகள் (1913–1980) யாழ்ப்பாணத்துத் தீவகப் பகுதியான ஊர்காவற்றுறையில் பிறந்தவர். கொழும்பில் குருமடக் கல்வி. பிறகு ரோமாபுரியில் இறையியல், முனைவர் பட்டம். 1940 வாக்கில், திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளத்துக்குப் பள்ளிப் பணிக்காக வந்து சேர்ந்தார்.

தமிழ் பேசும் ஊரிலிருந்து தமிழ் பேசும் ஊருக்குத்தான் வந்தார். ஆனாலும் அங்கே 'கதைப்பது' இங்கே 'பேசுவது'. அங்கே 'பெடியன்' இங்கே 'பய'. இதைவிடப் பெரிய தூரம் வேறொன்று இருந்தது. லத்தீனும் இத்தாலியனும் கைவந்தவருக்குச் சங்கத் தமிழ் எட்டாமல் இருந்தது. கற்பிக்க வந்த இடத்தில், பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்தார். கத்தோலிக்கக் குரு ஒருவர் ஐயரிடம் முறையாகப் பாடம் கேட்ட இந்த ஆண்டுகளே, ரோமாபுரிப் பட்டத்தைவிட, அவரை உருவாக்கியவை எனலாம்.

1945-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவரானார். சங்கப் பாடல்களில் இயற்கையை ஆராய்ந்தார். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். 1952-ல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964-ல் டெல்லியில் உருவாக முன்னின்றவரும் அவரே. அதன் முதல் மாநாடு 1966-ல் கோலாலம்பூரில் நடந்தது.