நளன் எண்ணிய காய்களும் நாலு ராஜாக்களும்



மணவூர் ரயிலடியில் பழைய மாணவன் ஒருவன் பிடித்துக்கொண்டான். "சார், போன்ல போக்கர் ஆடினேன். அஞ்சு சீட்டுல நாலு ராஜா. அடுத்த ஆட்டத்துல நாலு ஏழு! இது நடக்குமா, இல்ல ஏமாத்தா?"

பழைய கேள்விதான். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். சூதில் எல்லாம் இழந்து காட்டில் இருக்கும் தருமருக்கு பிருகதசுவர் என்ற முனிவர் நளன் கதையைச் சொல்கிறார். நளனும் சூதில் நாடிழந்தவன்தான். அவன் தேரோட்டியாக இருந்தபோது, அரசன் ருதுபர்ணன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு கிளைகளில் 2,095 காய்கள் என்கிறான். நளன் நம்பாமல் மரத்தை வெட்டி எண்ணினான். சரியாக இருந்தது! (திரிபலாவில் சேருகிற அதே தான்றிக்காய். அந்தக் காலத்தில் சூதாடு காயும் அதுதான்.) எண்ணும் வித்தையும் சூதின் சூட்சுமமும் அவனுக்குச் சேர்ந்தே கிடைத்தன. கணக்கு வாத்தியாருக்கு இனிக்கிற இடம் இது.

ஐரோப்பாவில் 1654-இல்தான் பாஸ்கலும் ஃபெர்மாவும், பாதியில் நின்ற ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கடிதம் எழுதிக் கணக்குப் போட்டார்கள். நிகழ்தகவுப் பாடம் அங்கே முளைத்தது.

இப்போது நம் கணக்கு. 52 சீட்டில் ஐந்தை எடுக்க 25,98,960 வழி. அதில் ஒரே மதிப்பில் நாலு வருவது 624. அதாவது 4,165-க்கு ஒன்று. அடுத்தடுத்து இரண்டு முறை என்றால் பெருக்குங்கள்: சுமார் 1 கோடியே 73 லட்சத்துக்கு ஒன்று. ஆனால் நாடு முழுக்கக் கோடிக்கணக்கில் ஆட்டம் நடந்தால் யாரோ ஒருவருக்கு வரத்தான் செய்யும். அதை வைத்து மட்டும் ஏமாற்று என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. முதல் ஆட்டத்தில் நாலு ராஜா வந்த பிறகு, அடுத்ததில் மறுபடி நாலு வர வாய்ப்பு அதே 4,165-க்கு ஒன்றுதான். கலைத்த சீட்டுக்கு முந்தின ஆட்டம் தெரியாது. பத்து முறை தோற்றவனுக்கும் இதே விதிதான். "அடுத்தது நமக்குத்தான்" என்று தாலிக்கொடியை அடகு வைத்த வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ரம்மி திறமை ஆட்டம் என்று செகந்திராபாத் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967-இல் சொன்னது. தமிழக அரசு 2022-இல் இணைய ரம்மிக்கும் போக்கருக்கும் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அவை திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த இரண்டை மட்டும் விடுவித்தது. எந்தச் சீட்டைப் போடுவது என்பதில் திறமை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எந்தச் சீட்டு வரும் என்பதில் ஏது திறமை? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை, திறமையோ அதிர்ஷ்டமோ, மொத்தமாகத் தடுத்துச் சட்டம் நிறைவேற்றியது.