கார் ஹீட்டர்: கோளாறுகளை அறிதல்

பெட்ரோல், டீசல் கார்களில் உட்புறத்தைச் சூடாக்கத் தனி அடுப்பு எதுவும் கிடையாது. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் வழியாக வீணாக வெளியேறுகிறது. அதில் ஒரு சிறு பகுதியைத் திருப்பி எடுத்துப் பயன்படுத்துவதே ஹீட்டரின் வேலை. ஆகவே ஹீட்டர் கோளாறு என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு உண்மையில் இன்ஜின் குளிர்விப்பு அமைப்பின் கோளாறுதான். இன்ஜினுக்கு வரவிருக்கும் ஆபத்தை வெப்பமானி காட்டுவதற்கு முன்பே ஹீட்டர் காட்டிவிடுவதும் உண்டு.

டாஷ்போர்டின் பின்னால் சிறிய ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது. அதற்கு ஹீட்டர் கோர் என்று பெயர். இன்ஜினிலிருந்து வரும் சூடான கூலன்ட் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் நுழைந்து மறு ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. புளோயர் விசிறி அதன் மேல் காற்றை வீசுகிறது. எவ்வளவு காற்று அதன் வழியே போக வேண்டும், எவ்வளவு விலகிப் போக வேண்டும் என்பதைச் சிறு மடல் ஒன்று தீர்மானிக்கிறது. கூலன்ட் சூடாகும் வரை ரேடியேட்டர் பாதையை அடைத்து வைப்பது தெர்மோஸ்டாட். அதற்குள் உள்ள மெழுகு பெரும்பாலான வண்டிகளில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் உருகி விரிந்து வழியைத் திறக்கும்.

காற்று சூடாக வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானி முள். ஹீட்டர் வெதுவெதுப்பாகவே இருக்கிறது, முள்ளும் நடுப்பகுதிக்கு ஏறவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். இதே நிலையில் பல கார்களின் கணினி பி0128 என்ற பிழைக் குறியீட்டைப் பதிவு செய்யும். முள் வழக்கமான இடத்தில் நிற்கிறது, காற்று மட்டும் குளிர்கிறது என்றால் அடைபட்ட ஹீட்டர் கோரையோ, அசையாத மடலையோ சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது நிலைதான் மோசமானது: முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது, ஹீட்டரோ குளிர்ந்த காற்றை ஊதுகிறது. கூலன்ட் வற்றிவிட்டது, அல்லது வாட்டர் பம்ப் அதைச் சுழற்றவில்லை. வண்டியை உடனே ஓரம்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

பல வண்டிகளில் ஹீட்டர் கோர் சுற்றின் உயரமான இடங்களில் ஒன்றில் அமைந்திருப்பதால், கூலன்ட் குறைந்தால் காற்று முதலில் அங்கேதான் சேரும். சாலையில் வேகமாகப் போகும்போது சூடு வருகிறது, சிக்னலில் நின்றால் குளிர்கிறது என்பது இதன் அடையாளம். டாஷ்போர்டுக்குள் தண்ணீர் களகளக்கும் ஓசையும் கேட்கும். கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றினால் சரியாகிவிடும். சில வாரங்களில் மறுபடி அதே ஓசை வந்தால் எங்கோ கசிகிறது, அல்லது ஹெட் கேஸ்கெட் வழியாக இன்ஜினில் எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறது என்று பொருள். வெறுமனே ஊற்றிக்கொண்டே ஓட்டுவது இன்ஜினைக் கொல்லும் வழி.

மெக்கானிக்குகள் செய்யும் எளிய சோதனை, கேபின் சுவருக்குள் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களைத் தொட்டுப் பார்ப்பது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின் இரண்டும் சுட்டால் கோளாறு காற்றோட்டப் பக்கம். ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால் கோர் அடைத்திருக்கிறது. ஓடும் பெல்ட்டும் திடீரெனச் சுழலத் தொடங்கும் விசிறியும் பக்கத்திலேயே இருப்பதால், இன்ஜினை அணைத்துவிட்டுத் தொடுவதே புத்திசாலித்தனம்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நாமே ஊற்றியதுதான். கூலன்டுக்குப் பதில் உப்புத் தண்ணீர், ஒன்றோடொன்று ஒவ்வாத கூலன்ட் வகைகளின் கலப்பு, கசிவை அடைக்க ரேடியேட்டரில் கொட்டும் பொடி ஆகிய எல்லாம் கோரின் நுண்குழாய்களில் படியும். சமவெளியில் இன்ஜின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடும் பழக்கமும் நம் ஒர்க்ஷாப்புகளில் உண்டு. அப்படிப்பட்ட வண்டியை மார்கழி இரவில் ஊட்டிக்கு ஓட்டிப் போகிறவர் ஹீட்டரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஹீட்டர் கோர் கசிந்தால் மூக்குக்கு முதலில் தெரியும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்காலின் இனிப்பு வாடை வரும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் படியும். முன்பக்கப் பயணியின் கால்விரிப்பு நனையும். ஈரம் தெளிந்த தண்ணீராக, வாடையின்றி இருந்தால் அது ஏசியின் வடிகால் அடைத்ததால் வந்தது, பயமில்லை. பிசுபிசுப்பும் நிறமும் இருந்தால் கூலன்ட். இது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. இனிப்புச் சுவைக்காக நாய்கள் நக்கிக் குடித்து இறந்துபோவதுண்டு. கோர் விலை பெரிதில்லை என்றாலும் பல கார்களில் அதை மாற்ற டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். கூலி அங்கேதான் ஏறுகிறது.

காற்றோட்டப் பக்கக் கோளாறுகள் எளிதில் பிடிபடும். புளோயர் உச்ச வேகத்தில் மட்டும் ஓடினால் அதன் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். டாஷ்போர்டுக்குள் டிக்டிக் என்று தொடர்ந்து கேட்டால் மடலை இயக்கும் சிறு மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கும். ஓட்டுநர் பக்கம் சூடு, அடுத்த பக்கம் குளிர் என்பதும் பெரும்பாலும் மடல் கோளாறே.

சூடு தாமதமாக வருவதெல்லாம் பழுதல்ல. சிக்கனமான புதிய டீசல் இன்ஜின்கள் வீணாக்கும் வெப்பமே குறைவு. எனவே குளிர்நாட்டு விற்பனைக்கான பல கார்களில் துணைக்கு மின் ஹீட்டரும் வைக்கிறார்கள். ஹைப்ரிட் கார் நின்றிருக்கும்போது இன்ஜின் தானாக ஓடத் தொடங்குவதும் சூட்டுக்காகவே இருக்கலாம்.

காற்றால் குளிர்விக்கப்படும் இன்ஜின் கொண்ட பழைய வோக்ஸ்வேகன் பீட்டிலின் கதை வேறு. அதில் கூலன்ட் கிடையாது. புகைக்குழாயைச் சுற்றிய உறைகளின் வழியே காற்றைச் செலுத்திச் சூடாக்கினார்கள். உறைக்குள் குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் ஹீட்டர் காற்றோடு கார்பன் மோனாக்சைடும் கேபினுக்குள் வரும். அந்த வாயுவுக்கு வாடையில்லை. புகை நாற்றமோ தலைவலியோ மயக்கமோ வந்தால் கண்ணாடியை இறக்கி, வண்டியை நிறுத்தி, வெளியே வந்துவிட வேண்டும். எந்த வண்டிக்கும் இது பொருந்தும்.

மின்சாரக் காரில் வீணாகும் வெப்பம் சொற்பம். ஆகவே பேட்டரி மின்சாரத்திலேயே இயங்கும் பிடிசி ஹீட்டரையோ, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கடத்தும் வெப்பப் பம்பையோ பயன்படுத்துகிறார்கள். டெஸ்லா 2020இல் மாடல் ஒய் காரில் வெப்பப் பம்பைக் கொண்டுவந்தது. இரண்டும் சேர்ந்திருக்கும் கார்களில் வெப்பப் பம்பு பழுதானாலும் பிடிசி ஹீட்டர் ஈடுகட்டிவிடும் என்பதால் உள்ளே குளிர் தெரியாமல் போகலாம். குளிர்காலத்தில் ஒரே சார்ஜில் ஓடும் தூரம் காரணமின்றிக் குறைவதே அங்கே முதல் அறிகுறி.