நாஞ்சில் நாட்டு வரியும் முறையீடும்

அகஸ்தீசுவரம், தோவாளை என்னும் இரு தாலுகாக்களில் அடங்கிய நாஞ்சில் நாட்டிலே, தன் வயலுக்கு விதித்த வரி மிகையென்று கருதிய குடியானவன், ஒரு காலத்தில் தனியொருவனாக மனு எழுதிக்கொண்டு அதிகாரியின் வாசலில் காத்து நின்றவனல்லன். மங்கலம் முதல் மணக்குடி வரை பிடாகை எனப்படும் பன்னிரண்டு பிரிவுகளாகப் பிரிந்திருந்த நாட்டார் ஓரிடத்திற் கூடி, அவன் குறையைத் தங்கள் குறையாகவே ஏற்றுக்கொள்வது வழக்கம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒருபுறம் மதுரை நாயக்கர் படை புகுந்து விளைவைச் சூறையாட, மறுபுறம் அப்படையைத் தடுக்கமாட்டாத வேணாட்டு அரசின் அதிகாரிகள் வழக்கமில்லாத வரிகளைக் கேட்க, அவற்றைச் செலுத்துவதில்லையென்று நாட்டார் கூடித் தீர்மானித்தார்கள். அக்காலத்து நிலையை அறிவதற்கு அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் பெருந்துணை. அவற்றைத் தேடிப் படியெடுத்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளைக்கு நாம் பாட்டினாற் பட்ட கடனைவிட இவ்வோலைகளாற் பட்ட கடன் பெரிதென்பது என் அபிப்பிராயம்.

வேணாட்டு அரசர் மார்த்தாண்டவர்மர் 1739-இல் மல்லன் சங்கரனைக் கொண்டு தொடங்கிய கண்டெழுத்து, நிலத்தை நேரிற் பார்த்து, உடையவன் பெயரையும் அவன் இறுக்கவேண்டிய வரியையும் ஏட்டில் ஏற்றிற்று. நாட்டார் சபை நின்ற இடத்தில் தனிப்பட்ட வரிதாரன் வந்து நின்றான்.

ஆயினும் பழைய வழக்கம் ஒருமுறை உக்கிரமாகவே தலைதூக்கிற்று. 1799-இல், பாலராமவர்மர் ஆட்சியில் அதிகாரம் பெற்ற ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி, வறண்ட பொக்கிஷத்தை நிரப்பக் கருதி, செல்வர்களின் பெயரையும் தொகையையும் தம் மனம்போல் எழுதிவைத்து, அழைத்து வாங்கத் தலைப்பட்டார். அப்பட்டியலில் தம் பெயரையும் கண்ட தலக்குளம் வேலுத்தம்பி, மூன்று நாள் தவணை கேட்டுப் பெற்றுத் தெற்கே வந்தார். பணத்தோடு திரும்பாமல், நாஞ்சில் நாட்டு ஜனங்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரம் கோட்டை வாசலுக்கே போய்ச் சேர்ந்தார். அரசர் இணங்கினார், நம்பூதிரி பதவியிழந்தார். இத்தனைக்கும் பின்னர், அதே வேலுத்தம்பி தளவாயாகி, அவர் காலத்திலேயே கொல்லம் 978-ஆம் ஆண்டுக் கண்டெழுத்தும் நடந்தது. வரி கேட்பவன் நியாயம் வேறு, கொடுப்பவன் நியாயம் வேறு என்பதை அவரைப்போல் இரு பக்கமும் நின்று அறிந்தவர் அதிகமில்லை.

1886-இல் பிரகடனமாகி 1911 வரை நீண்ட செட்டில்மென்ட், நிலத்தை அளந்து தரம் பிரித்தது. ஆகவே சண்டையெல்லாம் தரத்தைப் பற்றியதாயிற்று. 1946-இல் சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாயிருக்கையில் வந்த அடிப்படை வரிச் சட்டமோ, செழித்த வயலானாலும் சரளை மேடானாலும் ஏக்கருக்குப் 14 சக்கரம், அதாவது அரை ரூபாய், என்று வகுத்து, தரத்தைப் பற்றிய வழக்கையே இல்லாமற் செய்துவிட்டது. மேட்டு நிலத்தானுக்கு இது நியாயமா என்றால், அல்ல. ஆனால் அரை ரூபாய்க்காக யார் கச்சேரிக்கு நடப்பார்கள்? பத்மநாபசுவாமிக்குரிய ஸ்ரீபண்டாரவகை நிலங்களின் குடிகளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிட்டவில்லை. நாஞ்சில் நாடு 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்து, 1964-இல் சென்னைச் சட்டசபை தனிச் சட்டம் இயற்றிய பின்னரே அந்நிலங்கள் ரயத்துவாரி முறைக்கு வந்தன.