அச்சுக்கு இட்ட நெய்

இன்று நாம் ஓட்டும் மோட்டார் வண்டிகளில் கிரீஸ் இடும் வேலை பெரும்பாலும் நமக்கு இல்லை. மூட்டுகளைச் செய்யும்போதே உள்ளே கிரீஸ் வைத்து மூடிவிடுகின்றனர். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்திய வண்டிகள் அத்தகையன அல்ல. முன்சக்கரங்கள் திரும்பும் மூட்டுகளிலும், பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுசெல்லும் தண்டிலும் ‘நிப்பிள்’ எனப்படும் சிறு குமிழ்கள் இருந்தன. குறித்த மைல் தொலைவு ஓடியதும் கிரீஸ் கன்னை அவற்றில் பொருத்தி, அழுக்கேறிய பழைய கிரீஸ் பிதுங்கி வெளிவரும்வரை புதியதைச் செலுத்துவர். கூலாய் வட்டாரத்துத் தோட்டப் பட்டறை ஒன்றில், லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒருவர் இவ்வேலையைச் செய்ததைச் சிறுவயதில் நான் கண்டிருக்கிறேன். சக்கரத்தையும் எந்திரத்தையும் பற்றி நாம் மாணவர்க்கு நிறையச் சொல்கிறோம். அவற்றை ஓடச்செய்த எண்ணெயையும், அதை இட்ட கைகளையும் பற்றிச் சொல்வதில்லை. அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு.

ஏறத்தாழ கி.மு. 1880இல் எகிப்தில் வரையப்பட்ட கல்லறை ஓவியம் ஒன்றில், மாபெரும் சிலையைச் சறுக்குச் சட்டத்தில் ஏற்றிப் பலர் இழுத்துச் செல்கின்றனர். சட்டத்தின் முன்புறம் நின்று ஒருவன் தரையில் ஏதோ ஊற்றுகிறான். அளவாக நனைந்த மணலில் இழுத்தால் வேண்டிய விசை ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் 2014இல் ஆய்ந்து காட்டினர். இழுத்தவர் பலர், ஊற்றியவன் ஒருவன். ஆயினும் அவன் செய்த வேலை சிறிதன்று.

இனி, நம் நாட்டு வண்டிக்கு வருவோம். உப்பு வணிகரான உமணர் மேடும் பள்ளமும் நிறைந்த வழிக்கு அஞ்சி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூற்று 102ஆம் பாடலில் ஔவையார் வழி அறிகிறோம். அச்சு முறிவது வழிப்போக்கர்க்கு அத்துணை பெரிய இடராக இருந்தது. பிற்கால வண்டிக்காரர் வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மசகு செய்தனர். அதை மூங்கிற் குழாயில் அடைத்து வண்டியிலேயே தொங்கவிட்டனர். குடத்துக்கும் இருசுக்கும் இடையே மசகு இல்லாத வண்டி கீச்சிடும், மாடு களைக்கும், மரம் தேயும். இருப்புப்பாதை வந்த பின்னும் ஆமணக்கு மதிப்பிழக்கவில்லை. இந்திய ரயில்வேக்களில் விளக்கெரிக்கவும் எந்திரங்களுக்கு இடவும் அது பயன்பட்டது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் ரயில் அச்சுகளுக்கு எது இடப்பட்டது? விலங்குக் கொழுப்போடு, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த செம்பனை எண்ணெயும் இடப்பட்டது. இன்று நம் சமையலறையில் இருக்கும் எண்ணெய் அன்று அந்நாட்டில் சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் அச்சுக்கும் உரியதாக இருந்தது.

எண்ணெய் இடுவது தாழ்ந்த வேலை என்று கருதியவரும் உண்டு. எலைஜா மெக்காய் என்பவர் அமெரிக்க அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடாவுக்குச் சென்ற பெற்றோரின் மகன். ஸ்காட்லாந்தில் பொறியியல் பயின்று வந்தும், கறுப்பர் என்பதால் அமெரிக்க ரயில்வேயில் அவருக்குக் கிடைத்தது கரி தள்ளி எண்ணெய் இடும் வேலையே. எந்திரத்தை அடிக்கடி நிறுத்தி எண்ணெய் விடவேண்டிய குறையை அவர் நாள்தோறும் கண்டார். எந்திரம் ஓடும்போதே எண்ணெய் சொட்டும் கருவியை அமைத்து 1872இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த வேலையில் இருந்ததனாலேயே அதன் குறை அவர் கண்ணுக்குப் பட்டது.

எண்ணெய் எவ்வாறு பாரத்தைத் தாங்குகிறது என்பது அதற்குப் பின்னரே விளங்கிற்று. 1883இல் பியூஷாம்ப் டவர் என்ற ஆங்கிலேயர் ரயில் அச்சின் தாங்கியை ஆராய்ந்தபோது, அதன் மேற்புறம் துளையிட்டு அடைப்பான் வைத்தார். அச்சு சுழன்றதும் எண்ணெய் அடைப்பானை வெளியே தள்ளிற்று. சுழற்சியினால் உள்ளே இழுக்கப்படும் எண்ணெய் மெல்லிய படலமாகி, பாரம் முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் இதைக் கணக்கியலால் நிறுவினார்.

மோட்டார் வண்டி பெருகியபோது நிலத்தடி எண்ணெயே முதலிடம் பெற்றது. எனினும் ஆமணக்கு ஒதுங்கிவிடவில்லை. 1909இல் லண்டன் நிறுவனம் ஒன்று ஆமணக்கெண்ணெய் கலந்த தன் சரக்குக்குக் ‘காஸ்ட்ரால்’ என்று பெயரிட்டது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரே அதில் ஒளிந்திருக்கிறது. முதல் உலகப் போரின் விமானங்கள் பலவற்றில், பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய் என்பதற்காக ஆமணக்கெண்ணெயையே ஊற்றினர்.

மேலே சொன்ன 1909ஆம் ஆண்டிலேதான் கூலாய் வழியாக ஜொகூர் பாருவுக்கு ரயில் ஓடத் தொடங்கிற்று. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை வாணிகப் பயிராயிற்று. அத்தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது. பின்னர் அது ஜொகூரிலும் பரவிற்று. ஊரில் ஆமணக்கெண்ணெயால் அச்சைக் காத்தவரின் பேரப்பிள்ளைகள் இங்கே செம்பனைக் குலை வெட்டினர். ஆலையில் எந்திரத்துக்கு எண்ணெய் இட்டனர்.

இன்று தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவருகின்றன. பட்டறைகளும் மறைகின்றன. அறிவியல் பாடத்தில் நாம் ‘உயவு’ என்று கற்பிக்கிறோம், நல்ல சொல்லே. ஆனால் மசகு, இருசு, குடம், கடையாணி ஆகிய சொற்கள் இன்னும் சில முதியவர் நாவில் இருக்கின்றன. ஆசிரியர்கள் தம் மாணவரை அம்முதியவரிடம் அனுப்பி, என்ன எண்ணெய், எவ்வாறு இட்டார்கள், அதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிவரச் செய்யவேண்டும். கேட்பதற்கு இன்னும் ஆள் இருக்கிறது, நெடுங்காலம் இராது.