நம்ம ஊர் ஓட்டு எங்கே போகும்?



கொஞ்சம் நீளமான பதிவு இது. மணியடித்த பிறகும் வகுப்பில் பேசிக்கொண்டே இருந்தவன்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம், என்னிடம் 1984-இல் பத்தாம் வகுப்பு படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சம்பவம். குழுவில் முக்கால்வாசிப் பேர் ஒரே வேட்பாளருக்கு ஆதரவானவர்கள். அவர்களில் ஒருவன் அந்த வேட்பாளருக்காகத் தினமும் வீடு வீடாகப் போய் வருகிறவன். அவன் எழுதினான்: "இன்னைக்கு நாலு தெரு போயிட்டு வந்தேன். நாம நினைக்கிற மாதிரி இல்லை. எல்லாரும் தண்ணீரைப் பத்தித்தான் கேக்கறாங்க. நம்மகிட்ட பதில் இல்லை." அவ்வளவுதான் எழுதினான். எவ்வளவுக்கு விலை போனாய் என்று ஒருவர் கேட்டார். துரோகி என்று இன்னொருவர். மாலைக்குள் அவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்கியவனும் என் மாணவன்தான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

நான் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்டு எழுதவில்லை. சரித்திர வாத்தியார் என்ற முறையில், பன்னிரண்டு வயதில் நான் கண்ணால் பார்த்த ஒரு தேர்தலைச் சொல்கிறேன். 1962, நம் காஞ்சிபுரம். அறிஞர் அண்ணா தோற்ற தேர்தல்.

உங்களில் இளையவர்கள் பலருக்கு அண்ணா தோற்றார் என்பதே புதுச் செய்தியாக இருக்கும். 1909-இல் இந்த ஊரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முதலில் சட்டமன்றத் தேர்தலில் நின்றது 1957-இல். அப்போது வென்ற 15 பேரில் அண்ணாவும் ஒருவர், இதே காஞ்சிபுரம் தொகுதியில். ஐந்து வருடம் கழித்து, அதே ஊரில், அதே மக்களிடம், சுமார் 9,000 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். வென்றவர் காங்கிரசைச் சேர்ந்த எஸ்.வி.நடேச முதலியார், பேருந்து நிறுவன உரிமையாளர். கழகமோ மாநிலம் முழுக்க 15-லிருந்து 50 இடங்களுக்கு உயர்ந்தது. கட்சி வளர்ந்த தேர்தலில் தலைவர் சொந்த ஊரில் தோற்றார்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா தறி நெய்தார். கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்கார ஆள் வேண்டும் என்பதால் பள்ளி விட்டு வந்ததும் நான் உட்காருவேன். பொழுது சாய்ந்தால் அப்பாவும் சித்தப்பாவும் தெருமுனையில் இருந்த கழகப் படிப்பகத்துக்குப் போய்விடுவார்கள். நானும் ஒட்டிக்கொள்வேன். ஒருவர் 'முரசொலி'யையோ 'நம் நாடு' இதழையோ சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். என் தமிழ் பாதி அங்கே வந்தது. அந்தக் கடனை நான் மறக்கவில்லை.

தேர்தல் நெருங்க நெருங்கப் படிப்பகத்தில் ஒரே கணக்குத்தான். இந்தத் தெரு நம்முடையது, அந்தத் தெருவும் நம்முடையது. யாராவது கொஞ்சம் சந்தேகமாகப் பேசினால், "அண்ணாவுக்கு அவர் பிறந்த ஊரிலேயா? நம்ம ஊர் ஓட்டு வேற எங்கே போகும்?" என்று சிரிப்பார்கள். தேரடியில் அண்ணா பேசினால் நள்ளிரவு வரை கூட்டம் கலையாது. அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் எதை நம்புவான்?

பட்டு முதலாளி ஒருவரிடம் கணக்கு எழுதிய ஒரு பெரியவர் படிப்பகத்துக்கு வருவார். ஒருநாள் அவர், "சாப்பாட்டுக் கடையிலயும் பஸ் ஸ்டாண்டுலயும் பேச்சு வேற மாதிரி இருக்குப்பா" என்றார். சித்தப்பா உட்பட நாலு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். முதலாளியின் உப்பைத் தின்றவர் வேறு எப்படிப் பேசுவார் என்றார்கள். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

அண்ணாவின் இயல்பு இதற்கு நேர் எதிரானது. நம் ஊரில் இன்றும் சொல்வார்கள்: அவரைப் பற்றிக் கேவலமாக எழுதி அவர் வீட்டுக்கு எதிரிலேயே வைத்தார்களாம். தொண்டர்கள் பிய்த்தெறியக் கிளம்பியபோது, வேண்டாம், இரவிலும் மக்கள் படிக்கட்டும், பக்கத்தில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கை வையுங்கள் என்றாராம். எதிர்ப்பேச்சுக்கு விளக்கு வைத்தவரின் தொண்டர்கள், தங்கள் படிப்பகத்தில் எதிர்ப்பேச்சு பேசிய சொந்த ஆளை விரட்டிவிட்டார்கள். அண்ணாவோ மாநிலம் முழுக்கச் சுற்ற வேண்டிய தலைவர். சொந்த ஊர் நிலவரத்தை ஊர்க்காரர்கள் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

தோற்ற பிறகு படிப்பகத்தில் ஒரே ஒரு காரணம்தான் பேசப்பட்டது. பணம். பணம் விளையாடியது என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். காரணம் அது ஒன்றுதானா? கழகத்தின் 15 உறுப்பினர்களையும் வீழ்த்த வேண்டும் என்று முதலமைச்சர் காமராசர் குறிவைத்து வேலை செய்தார், 14 பேர் வீழ்ந்தார்கள். தொகுதி மாறித் தஞ்சாவூரில் நின்ற கலைஞர் ஒருவர்தான் தப்பினார். முந்தைய ஆண்டுதான் ஈ.வெ.கி.சம்பத் பிரிந்து போய்த் தமிழ்த் தேசியக் கட்சி தொடங்கியிருந்தார். ஊரில் சாதிக் கணக்கும் இருந்தது. இவற்றையெல்லாம் பேசினால் நம்மிடமும் குறை தேட வேண்டிவரும். பணம் என்று சொல்லிவிட்டால் குறை முழுவதும் அடுத்தவனுடையது. தேர்தலுக்கு முன்னால் கதவைச் சாத்திய படிப்பகம், தோற்ற பிறகும் திறக்கவில்லை.

இனிச் சொல்லப்போவது என் வீட்டுக் கதை. உறவுகள் சிலருக்கே இது புதிது.

எங்கள் வீட்டில் அப்போது நாலு ஓட்டு. தாத்தா, அப்பா, சித்தப்பா, அம்மா. படிப்பகக் கணக்கில் நாலுமே உதயசூரியன். அப்பா காலமான பிறகு, பல வருடம் கழித்து ஒரு மத்தியானம் அம்மா சொன்னார்: "அந்த வருஷம் நான் ரெட்டைக்காளைக்குத்தான் போட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1969-இல் அண்ணா மறைந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்பாவைவிட அதிகம் அழுதது அம்மாதான்.

"ஏம்மா?" என்றேன்.

"அவர் நல்லவர்தான். ஆனா தறியில பாவு இல்லாத நாள்ல உனக்கும் உன் தங்கச்சிக்கும் மத்தியானச் சோறு பள்ளிக்கூடத்துல. ஆள் மாறினா அதை நிறுத்திடுவாங்களோன்னு பயம். பக்கத்து வீட்டுலயும் அதே பயம்தான்."

"அப்பாகிட்ட சொல்லலியா?"

"உங்கப்பா கேக்கவே இல்லையே. தினம் ராத்திரி வந்து, நாம ஜெயிச்சாச்சுன்னு சொல்லுவார். ஜெயிச்சாச்சுன்னு சொல்றவர்கிட்ட என்னத்தைச் சொல்றது?"

காமராசர் ஆட்சியில் பரவிய மதிய உணவுத் திட்டம் எங்கள் தெருவில் என்ன வேலை செய்தது என்பதை நான் பட்டப்படிப்பில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அன்றைக்கு அம்மாவிடம்தான் தெரிந்துகொண்டேன். யோசித்துப் பாருங்கள். சோற்றை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பயம் போயிருக்கும். தேரடி மேடையில் யாராவது இரண்டு நிமிடம் அதைப் பேசியிருந்தால் தெருவுக்கே போயிருக்கும். ஆனால் அப்படி ஒரு பயம் இருப்பதே படிப்பகத்துக்குத் தெரியாது. படிப்பகத்துக்குப் பெண்கள் வருவதில்லை. வருகிற ஆண்கள் வீட்டில் கேட்பதில்லை. அண்ணாவுக்காக உயிரையே கொடுப்பேன் என்ற அப்பா, அண்ணாவுக்கு வேண்டியிருந்த ஒரே ஒரு தகவலை அவருக்குக் கொண்டு சேர்க்கவில்லை. அந்தத் தகவலோ அவர் வீட்டு அடுப்படியிலேயே இருந்தது.

அண்ணா என்ன செய்தார்? அதே 1962-இல் மாநிலங்களவைக்குப் போனார். சீனப் போரும் பிரிவினைத் தடைச் சட்டமும் வந்தபோது, மேடையில் மிக அதிகம் கைதட்டல் வாங்கித் தந்த திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். தன் ஆட்களே மனம் நொந்த முடிவு அது. 1967 தேர்தலில், 1953-இல் குலக்கல்வித் திட்டத்துக்காகக் கழகம் கடுமையாக எதிர்த்துப் போராடிய இராஜாஜியையே கூட்டணிக்கு அழைத்து வந்தார். காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீக், மார்க்சிஸ்ட் கட்சி, ம.பொ.சி. என்று தன் மேடைக்கு வெளியே நின்றவர்களையெல்லாம் பக்கத்தில் உட்கார வைத்தார். அரிசித் தட்டுப்பாட்டில் வீடுகள் தவித்த நேரத்தில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார். அடுப்படிப் பேச்சு இந்தமுறை மேடை ஏறியது. அம்மா உதயசூரியனுக்குப் போட்டது அந்தத் தேர்தலில்தான்.

இப்போது படிப்பகத்தின் இடத்தில் காங்கிரஸ் உட்கார்ந்திருந்தது. சுதந்திரத்திலிருந்து ஆட்சியில் இருந்த கட்சி. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தெருவுக்கு வந்த மாணவர்கள் ஓட்டு வயது வராத பிள்ளைகள்தானே, அரிசிக்கு வரிசையில் நிற்பவர்கள் கடைசியில் நமக்குத்தானே போடுவார்கள் என்று கதர்ச் சட்டைக்காரர்கள் எங்கள் தெரு டீக்கடையில் பேசிக்கொண்டதை அப்போது பதினேழு வயதான நானே கேட்டிருக்கிறேன். முடிவு வந்தபோது, நமக்குப் பக்கத்துத் திருப்பெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றிருந்தார். பிரதமர்களை உருவாக்கியவர் என்று நாடே சொன்ன காமராசர், சொந்த ஊரான விருதுநகரில், பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றிருந்தார். கழகத்துக்கு 137 இடம், காங்கிரசுக்கு 51. இத்தனைக்கும் மாநில அளவில் இரண்டு கட்சியும் வாங்கிய ஓட்டு ஏறக்குறையச் சமம், நூற்றுக்கு 41-ஐ ஒட்டி. ஒருவர் வெளியே போய் ஆள் சேர்த்தார், இன்னொருவர் இருக்கிற கூட்டமே போதும் என்றிருந்தார். வித்தியாசத்தில் பெரும்பங்கு அதுதான்.

காமராசர் தோற்றதற்கு அண்ணா வருந்தினார் என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சொந்த ஊர் கைவிட்ட வலி அவருக்குத் தெரியும்.

இன்னும் ஒரு உதாரணம். சிவாஜி கணேசன். ஊருக்கு ஊர் ரசிகர் மன்றம், முதல் நாள் காட்சிக்கு அலைமோதும் கூட்டம். 1988-இல் காங்கிரசை விட்டு வந்து தமிழக முன்னேற்ற முன்னணி தொடங்கினார். 1989 தேர்தலில் திருவையாற்றில் அவரே நின்று தோற்றார். ரசிகர்களின் அன்பு பொய்யல்ல. ஆனால் கொட்டகையில் விசிலடிப்பவர்களை மட்டும் எண்ணினால், டிக்கெட் வாங்காதவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

என் பணிக்காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்திருக்கிறேன். ஒரு முறை கிராமத்துப் பள்ளி ஒன்றில், ஒரு கட்சியின் பூத் ஏஜெண்ட் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயருக்குப் பெயர் சிவப்பு மையில் டிக். "இதெல்லாம் நம்ம ஓட்டு சார்" என்றார். எண்ணும்போது அந்தப் பகுதியில் அவர் கட்சிக்குப் பாதிகூட வரவில்லை. பிறகு ஒருநாள் கடைத்தெருவில் பார்த்தபோது, "எல்லாரும் என்கிட்ட சரின்னுதானே சார் சொன்னாங்க" என்றார். கரைவேட்டியும் தோளில் துண்டுமாகப் பத்துப் பேருடன் வாசலில் வந்து நிற்கிறவரிடம் யார் இல்லை என்பார்கள்? நம் மக்கள் வந்தவரை மனம் நோக விடமாட்டார்கள். சிரித்து, தண்ணீர் கொடுத்து, தலையாட்டி அனுப்புவார்கள். அந்தத் தலையாட்டலை ஓட்டு என்று எழுதிக்கொண்டு போவது நம் தவறு.

இன்றைய வாட்ஸ்அப் குழுவும் அன்றைய படிப்பகமும் ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன். படிப்பகத்தில் பத்திரிகையாவது படித்தோம். ஆனால் இரண்டிலும் நடக்கிற தவறு ஒன்றே. நம் ஆட்களுக்குள் நாமே பேசிப் பேசி, நம் குரலே திரும்பி வருவதை ஊரின் குரல் என்று நினைத்துக்கொள்கிறோம். மாற்றிச் சொல்பவனைத் துரோகி என்கிறோம். அப்புறம் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. வேட்பாளருக்குக் கெட்ட செய்தி போவது நின்றுவிடுகிறது, ஆனால் கெட்டது நிற்பதில்லை. கெட்ட செய்தி சீக்கிரம் வந்தால் சரிசெய்ய நாள் இருக்கும். எண்ணிக்கை அன்று வந்தால் என்ன செய்ய முடியும்?

எதிர்ப்பக்கம் உட்காருகிற பையன் "இழை அறுந்துபோச்சுப்பா" என்று சொன்னால் அப்பா தறியை நிறுத்திப் பார்ப்பார். ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. சொல்லாமல் விட்டால்தான் அடி. தறியில் அவருக்குத் தெரிந்திருந்த இந்த விஷயம் படிப்பகத்துக்குப் போனதும் மறந்துபோனது. அதுதான் எனக்கு இன்றுவரை வருத்தம்.

ஆகவே, 1984 குழுவின் அட்மினுக்கு உன் பழைய வாத்தியார் கேட்டுக்கொள்வது ஒன்றே. அவனை இன்றைக்கே திரும்பச் சேர்த்துவிடு. நாலு தெருவில் தண்ணீரைப் பற்றி என்ன கேட்டார்கள் என்று விவரமாக எழுதச் சொல். அதை உன் வேட்பாளரிடம் கொண்டுபோய்க் கொடு. உங்கள் குழுவில் இந்த ஒரு மாதத்தில் அவருக்காக உருப்படியான வேலை செய்தவன் அவன் ஒருவன்தான். அவர் ஜெயிப்பாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் இரண்டு பேரின் நட்புக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. எந்தத் தேர்தலுக்கும் அதைப் பலி கொடுக்காதீர்கள்.

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் இருப்பவர்களிடம் யாருக்கு ஓட்டு என்று கேட்காதீர்கள், அது அவரவர் ரகசியம். எதை நினைத்தால் உங்களுக்குக் கவலையாக இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருங்கள்.

அனைவரும் நலமுடன் வாழ்க.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்